செய்தியின் எழுவாய்

“அடையாளந் தெரியாத ஆயுததாரிகளின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி இருவர் உயிரிழந்துள்ளனர். சம்பவம் தொடர்பான விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.” போர்க்காலத்தில் ஈழத்துத் தமிழ் நாளேடுகளைப் படித்து வந்த எவருக்கும் இவ்வகை வாக்கியம் மனப்பாடம். ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டால் இதனை எந்த நாளிலும் அச்சேற்றலாம். அவ்வாறே ஆயிரக்கணக்கான தடவை அச்சேறியது.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இவ்வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, தொழிலைச் செய்தவர் யார் என்று வினவுவாராயின் மாணவர் இடர்ப்படுவர். சுட்டவனுக்கு அடையாளமில்லை. இறந்தவருக்குப் பெயரில்லை, அவர் ஓர் எண். தெளிந்த முகத்துடன் ஒரு தொழிலைச் செய்வோராக இங்கு நிற்பவர்கள் பொலிஸார் மட்டுமே. அவர்கள் செய்யுந் தொழிலோ என்றும் முடிவுறாத விசாரணை. இலக்கண வழு எதுவுமில்லாத இந்த இரு வரிகளுள் ஒரு சமுதாய ஒழுங்கு அப்படியே அடங்கிக் கிடக்கிறது. எவர் பேசத் தகுந்தவர், எவர் பேசப்படுவதற்கு மட்டுமே உரியவர் என்ற தீர்ப்பு, செய்தியை எழுதுபவர் பேனாவைத் தொடுமுன்னரே வழங்கப்பட்டுவிடுகிறது.

சுதந்திர ஊடகம் பத்திரிகைத் தொழிலையும் பொது விவாதத்தையும் எவ்வாறு மாற்றி வருகிறது என்ற கேள்வி இன்று பரவலாக எழுப்பப்படுகிறது. இதற்கு இரு விடைகள் வழக்கிலுள்ளன. கையடக்கத் தொலைபேசி வந்ததும் மக்கள் அனைவரும் நிருபராகிவிட்டனர். ஆகவே உண்மை விடுதலை பெற்றது என்பது ஒரு விடை. கண்டவரெல்லாம் எழுதத் தொடங்கியதால் பத்திரிகைத் தொழிலின் தரம் தாழ்ந்து, பொய் பெருகிற்று என்பது மற்றையது. முன்னையது மகிழ்ச்சியையும் பின்னையது துயரத்தையும் வெளியிட்டாலும், இரண்டும் கருவியையே காரணமாகக் கொள்வதில் ஒற்றுமையுடையன. நாம் வேறு இரு வினாக்களை முன்வைக்க விரும்புகிறோம். செய்தி வாக்கியத்தில் எழுவாயாக நிற்பவர் யார்? அச்செய்தியின் செலவைச் செலுத்துபவர் யார்? இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓர் ஊடகம் எதனிடமிருந்து சுதந்திரமானது, எதற்கு அடிமைப்பட்டது என்பது புலனாகும்.

இலங்கையில் இவ்வினா புதியதன்று. டி. ஆர். விஜேவர்தன ‘தினமின’வை வாங்கி, 1918 இல் ‘டெயிலி நியூஸ்’ பத்திரிகையை வெளியிட்டதிலிருந்து வளர்ந்த லேக் ஹவுஸ் நிறுவனம், சிங்களம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் இந்நாட்டின் பொதுசன அபிப்பிராயத்தை உருவாக்கும் பெருந்தொழிற்சாலையாக அமைந்தது. அதன் தமிழ் நாளேடாகிய ‘தினகரன்’ 1932 இல் தோன்றியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1930 இல், ‘வீரகேசரி’ தோன்றியிருந்தது. பெருமுதலாளியின் பத்திரிகையிலும் முற்போக்கான பணி ஒருகால் நடைபெறக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த காலத்தில் ஈழத்து எழுத்தாளருக்கும் ஈழத்து வாழ்க்கைக்கும் அதன் பக்கங்கள் திறந்துவிடப்பட்டன. எனினும், ஆசிரியர் ஒருவரின் தனித்திறமையால் திறந்த கதவு அவர் அகன்றபின்னும் திறந்தே இருக்குமென்று எவரும் உறுதி கூற இயலாது. கதவின் திறப்பு உரிமையாளரின் கையில் இருந்தது.

இதனை உணர்ந்த இடதுசாரிகள் பத்திரிகைத் தனியுரிமையை ஒழிக்க வேண்டுமெனக் கோரியது நியாயமே. அக்கோரிக்கை இந்நாட்டின் ஆட்சியையே அசைத்தது. லேக் ஹவுஸைக் கையேற்க முனைந்த அரசாங்கம் 1964 டிசம்பரில் பாராளுமன்றத்தில் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. பின்னர் 1973 இல், ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது, தனிச் சட்டமொன்றின் மூலம் அந்நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் கையளிக்கப்பட்டது. அப்பங்குகளைப் பொதுமக்களிடையே பரந்த அளவிற் பகிர்ந்தளிப்பதே நோக்கமெனக் கூறப்பட்டது. அந்தப் பகிர்வு இன்றுவரை நடைபெறவில்லை. சட்டத்தை இயற்றிய கட்சிகள் ஆட்சியிழந்தன. அதனை எதிர்த்த கட்சிகள் ஆட்சியேறின. எனினும் எவரும் அப்பங்குகளை மக்களிடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பின்னரும் அங்கு ஆசனங்கள் மாறும். தலைப்புச் செய்தியில் அமைச்சரின் பெயர் மாறும். வாக்கியத்தின் அமைப்பு மாறாது. முன்னர் முதலாளி நின்ற எழுவாய் இடத்தில் அமைச்சர் வந்து அமர்ந்தார். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியும் காணியிழந்த குடியானவனும் செயப்படுபொருளாகவே தொடர்ந்தனர். சொத்துரிமையை மாற்றுவது அவசியம். ஆனால் மக்களின் மேற்பார்வைக்குரிய வழிவகை எதுவுமின்றி அதனை அரசின் கையில் ஒப்படைப்பதோடு நின்றுவிட்டால், தனியாரின் ஊதுகுழலுக்குப் பதிலாக ஆட்சியின் ஊதுகுழல் கிடைக்கும். அரைநூற்றாண்டின் அனுபவம் இது.

முதலாளியும் அரசும் தராத இடத்தைச் சிறு ஏடுகள் உண்டாக்க முயன்றன. 1959 இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ தோன்றியபோது, தலைநகரிலிருந்து விநியோகிக்கப்படும் செய்திக்கு மாறாக ஒரு பிரதேசம் தன் செய்தியைத் தானே எழுதத் தொடங்கியது. 1981 யூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த அதே வெறியாட்டத்தில் அப்பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1982 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ‘சற்றடே றிவியூ’ என்ற ஆங்கில வார ஏடு வெளிவந்தது. 1983 யூலைக் கலவரத்துக்குச் சற்று முன்னர் அது தடை செய்யப்பட்டது. மீண்டும் வெளிவந்தபோது அதன் ஆசிரியராக யாழ்ப்பாணத்திலேயே தங்கிப் பணிபுரிந்தவர் காமினி நவரத்ன என்ற சிங்களவர். 1980களின் பிற்பகுதியில் ‘ராவய’ சிங்களத்தில் தோன்றி, விக்டர் ஐவனின் ஆசிரியத்துவத்தின்கீழ், போரையும் நீதித்துறையையும் குறித்துப் பெரும் பத்திரிகைகள் கேட்கத் துணியாத கேள்விகளைக் கேட்டது.

தமிழில் இவ்வகை முயற்சிகளுள் தனித்து நோக்கத்தக்கது 1990களில் வெளிவந்த ‘சரிநிகர்’. அரசின் போரை எதிர்த்து எழுதுவது ஒரு தமிழ் ஏட்டுக்கு ஆபத்தானதாயினும் வாசகரின் வரவேற்பைப் பெறக்கூடியது. தன் வாசகர்கள் கேட்க விரும்பாததைச் சொல்வதே கடினமானது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அக்கொடுமையை வெளிப்படையாக விவாதிக்கும் நிலையில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை உலகம் இருக்கவில்லை. அரசையும் புலிகளையும் ஒருசேர விமர்சித்து, முஸ்லிம்களின் குரலுக்கும் மலையக மக்களின் குரலுக்கும் பெண்களின் குரலுக்கும் இடமளித்தமையே ‘சரிநிகர்’ பொது விவாதத்துக்கு வழங்கிய கொடை. தமிழ் வாசகர் அங்கே தம்மைப் பாதிக்கப்பட்டோராக மாத்திரமன்றி, பதில் சொல்லக் கடமைப்பட்டோராகவும் கண்டனர். ஓர் ஊடகம் ஆட்சியாளரிடமிருந்து சுதந்திரமாக இருப்பது பாதி வேலை. தன் வாசகரின் முகத்துதியிலிருந்தும் சுதந்திரமாக இருக்கும்போதே அது நிறைவுறுகிறது.

இச்சுதந்திரத்துக்குச் செலுத்தப்பட்ட விலையை நாம் அறிவோம். தமிழிலும் சிங்கள ஏட்டுக்கும் யாழ்ப்பாணத்துச் செய்திகளை அனுப்பி வந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு அமுலிலிருந்த வேளையில், தம் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தராக்கி’ என்ற புனைபெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பிற் கடத்தப்பட்டு, மறுநாள் பிணமாகக் கிடந்தார். 2006 மே மாதத்தில் ‘உதயன்’ அலுவலகத்தினுள் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலையில் கொழும்புத் தெருவில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2010 ஜனவரி 24 இல் காணாமலாக்கப்பட்ட கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட இன்றுவரை வீடு திரும்பவில்லை. இக்குற்றங்களில் எதற்கும் எவரும் தண்டனை பெற்றாரில்லை. ‘அடையாளந் தெரியாத ஆயுததாரிகள்’ என்ற எழுவாய், அதனை நாள்தோறும் அச்சேற்றிய பத்திரிகையாளரையே விழுங்கியது.

எனினும் துப்பாக்கி மாத்திரமே சுதந்திர ஊடகத்தின் பகை என்று கருதுவது தவறு. ஆசிரியர் கொல்லப்பட்ட பின்னரும் ‘சண்டே லீடர்’ தொடர்ந்து வெளிவந்தது, துணிவுடன் எழுதியது. 2012 இல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் புதியவர் ஒருவரின் கைக்கு மாறின. சில நாட்களிலேயே அப்போதைய ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குண்டு செய்ய முடியாததைப் பங்குப் பத்திரம் ஓசையின்றிச் செய்துமுடித்தது. ஆகவேதான் வாக்கியத்தையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தே படிக்க வேண்டுமென்கிறோம்.

அச்சு இயந்திரத்தை எரிக்கவும் பங்கை வாங்கவும் முடிந்த காலத்தில், அவை இரண்டும் தேவைப்படாத இணையத்தளம் தோன்றியது இயல்பான வளர்ச்சியே. 1997 இல் ‘தமிழ்நெற்’ தோன்றியது. 2006 இல் ஆங்கிலத்தில் ‘கிறவுண்ட்வியூஸ்’ தொடங்கப்பட்டது. சிங்களத்தில் ‘விகல்ப’வும், 2014 இல் தமிழில் ‘மாற்றம்’ தளமும் அதன் வழியில் வந்தன. இவற்றின் வேகத்தை எல்லாரும் வியக்கின்றனர். நமக்கோ, இவற்றின் உண்மையான பயன் வேகத்திலிருந்து வேறானதாகவே தோன்றுகிறது; விட்டுச்சென்ற இடத்துக்குத் திரும்பிச் செல்லும் பொறுமையே அப்பயன்.

ஓர் எடுத்துக்காட்டு. 2014 ஒக்ரோபர் 29 காலை பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. முதல் வாரத்தில் எல்லா ஊடகங்களும் அங்கே திரண்டன. இறந்தோர் தொகை பற்றிய முரண்பட்ட கணக்குகள் வெளிவந்தன. பிறகு ஒரு வாக்கியம் நாடெங்கும் ஒலித்தது: “எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் அவர்கள் வெளியேறவில்லை.” இவ்விடத்து இலக்கணத்தைக் கவனியுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகச் செயப்படுபொருளாகவே இருந்த தோட்டத் தொழிலாளிக்கு எழுவாயாகும் வாய்ப்பு கிடைத்தது. பழியை ஏற்பதற்காக மட்டும் அது கிடைத்தது. எச்சரித்தவர் யார் என்பது செயப்பாட்டு வினையினுள் மறைந்தது. வெளியேறி எங்கே போவது என்ற கேள்வி எழவேயில்லை. தான் வாழும் அறைக்கும் அதன் கீழுள்ள ஒரு பேர்ச் நிலத்துக்கும் உரிமையற்றவன், தோட்டத்தை விட்டால் வேலையையும் இழப்பவன், மலை சரியுமென்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

பெரும் ஊடகங்கள் மலையிறங்கிய பின்னர், உயிர்தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் தட்டிகள் மறைத்த சிறு இடங்களில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்தனர். அக்காலத்தில் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சென்று, அவர்கள் சொன்னதை அவர்கள் பெயராலேயே வெளியிட்டவை ‘மாற்றம்’ போன்ற சிறு தளங்கள். அங்கே வாக்கியம் மாறியது. “நாங்கள் கேட்டோம்; காணி தரப்படவில்லை” என்று தொழிலாளி பேசினார். இதன் விளைவாகப் பேசுபொருளும் மாறியது. இயற்கை அனர்த்தம் பற்றிய செய்தி நிலவுரிமை பற்றிய விவாதமாயிற்று. பொது விவாதம் மாறுவதென்றால் இதுதான்: வினாவை எழுப்பும் உரிமை கைமாறுதல்.

அம்மாற்றத்தின் தடங்களைப் பின்னரும் காண்கிறோம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, தினச் செய்தியின் பசி சில நாட்களில் அடங்கிவிட்டது. தாய்மாரின் இருப்பு ஆண்டுகளைக் கடந்தது. அதனை நூறாம் நாளிலும் ஆயிரமாம் நாளிலும் சென்று பதிந்தோர் பெரும்பாலும் பிரதேச நிருபர்களும் சிறு இணையத்தளங்களுமே. 2018 ஒக்ரோபர் 24 அன்று, தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கோரி, கறுப்புடை அணிந்த மலையக இளைஞர் கொழும்புக் காலிமுகத் திடலில் திரண்டனர். தொழிற்சங்கத் தலைவர்களின் அறிக்கையைக் காத்திராமல், முகநூல் வழியாகவே அவர்கள் ஒருவரையொருவர் அழைத்திருந்தனர். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டை மக்கள் சூழ்ந்ததைத் தொலைபேசிகள் நேரடியாகக் காட்டின. ஏப்ரல் 3 அன்று அரசு சமூக ஊடகங்களைத் தடுத்தது. ஒரு முழுநாள் கூட அத்தடை நிலைக்கவில்லை. ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் தொடங்கிய போராட்டக் களம் நூலகத்தையும் திறந்தவெளி விவாத அரங்குகளையும் கொண்டிருந்தது. மே 18 அன்று அதே திடலில், தலைநகரின் கடற்கரையில், முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டனர். பத்தாண்டுகளுக்கு முன்னர் இதனைக் கற்பனை செய்யவும் முடியாது.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மறைப்பது விமர்சகனின் கடமைக்கு மாறானது. 2018 மார்ச்சில் கண்டி திகனையிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பிய வாகனமும் இதே முகநூலே. சிங்களத்தில் எழுதப்பட்ட கொலைவெறிப் பதிவுகள் பற்றிய முறைப்பாடுகளைக் கவனிக்க அந்நிறுவனம் போதிய ஏற்பாடு செய்திருக்கவில்லை; இரண்டாண்டு கழித்து, 2020 இல், அது மன்னிப்புக் கோரியது. விஜேவர்தனவின் அலுவலகம் கொழும்பில் இருந்தது. வேண்டுமானால் அதன் வாயிலில் நின்று கோஷமிடலாம். இன்றைய பத்திரிகை அதிபரின் வாயில் அத்திலாந்திக்குக்கு அப்பாலுள்ளது. வாசகரின் கவனத்தைப் பொதிசெய்து விளம்பரதாரருக்கு விற்பதே அவரது வணிகம். கோபமும் அச்சமும் கவனத்தை நெடுநேரம் பிடித்து வைக்குமாதலின் அவற்றுக்கே அவரது சந்தையில் முதலிடம்.

இச்சந்தையின் சட்டம் நம் முற்றத்துக்கும் வந்துவிட்டது. வறிய வீடொன்றினுள் கமெராவுடன் நுழைந்து, தாயின் கண்ணீரையும் ஒழுகும் கூரையையும் படம்பிடித்து, புலம்பெயர்ந்தோரின் உதவியைத் திரட்டிக் கையளிப்பதையும் படமாக்கும் யூடியூப் காணொளிகள் வடக்குக் கிழக்கில் பெருகியுள்ளன. உதவி கிடைத்தோர் உண்டு, அதனை இகழோம். ஆயினும் அத்தாய் அங்கே எழுவாயா? அவள் ஏன் வறியவளானாள், அவளது காணி யாரிடமுள்ளது, நுண்கடன் நிறுவனம் எத்தனை வீத வட்டி வாங்கியது என்று எவரும் வினவுவதில்லை. படத்தில் அவள் முகம் நிறைந்திருக்கிறது. வாக்கியத்தில் அவள் இல்லை. கொடையாளரே எழுவாய்; கமெராக்காரரே பயனாளி. காட்டப்படுவதற்கும் பேசுவதற்குமுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

கணக்குப் புத்தகத்தின் மற்றைய பக்கத்தையும் புரட்டுவோம். மதிப்புக்குரிய சுதந்திரத் தளங்களிற் பல வெளிநாட்டு நன்கொடையில் இயங்குபவை. விளம்பரதாரருக்கும் அரசுக்கும் அஞ்சாமல் எழுத அது இடமளித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கொடையாளரின் கவனம் வேறு நாட்டுக்குத் திரும்பும்போது நம் நாட்டின் துயரமும் முடிந்துவிட்டதாகக் கணக்கு மூடப்படுகிறது. கொடை நிலைக்குங் காலத்திலும், திட்ட அறிக்கையின் மொழி கட்டுரையினுள் மெல்லப் புகுகிறது: சுரண்டல் ‘பாதிப்புறு நிலை’ ஆகிறது; போராட்டம் ‘பங்கேற்பு’ ஆகிறது. இதே வேளையில், இருபெரும் மொழிகளிலும் செய்தியின் அடித்தளத்தைச் சுமக்கும் மாகாண நிருபர்களிற் பலர் மாதச் சம்பளமின்றி, வெளிவரும் செய்திக்கும் படத்துக்கும் கணக்கிட்டுத் தரப்படும் சிறுதொகைக்கே உழைக்கின்றனர். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய மாநாட்டு மேடைகளில் இக்கூலிப் பிரச்சினை அரிதாகவே பேசப்படுகிறது.

பொய்யையும் வெறுப்பையும் காட்டி அரசு தன் கையை நீட்டுகிறது. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளித்தது. திகனையில் எரிந்த கடைகளுக்கு அன்றிருந்த தண்டனைச் சட்டமே போதுமானதாயிருந்தது. அதனைப் பயன்படுத்தும் மனமே இல்லாதிருந்தது. உண்மையின் முத்திரையை ஆட்சியிடம் ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதற்கு 1973 இன் பின்னரான லேக் ஹவுஸ் வரலாறே போதிய பாடம்.

ஆகவே சுதந்திர ஊடகத்தை ஆதரிப்பது என்பது கருவியொன்றைப் புகழ்வதோடு முடிவதன்று. அதன் செலவை வாசகர் ஏற்கும் வழியைத் தேடவேண்டும். கூட்டுறவுச் சங்க மரபு இந்நாட்டின் கிராமங்களுக்குப் புதியதன்று; அரிசிக்கும் சீனிக்கும் சங்கம் கண்ட மக்கள் செய்திக்கும் சங்கம் காண இயலும். ஓர் ஆசிரியர் சங்கக் கிளை, ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம், ஒரு தோட்டத் தொழிலாளர் குழு ஆகியவை மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து ஒரு பிரதேச நிருபரின் சம்பளத்தை உறுதிசெய்தால், எந்தக் கொடையாளரின் மனமாற்றமும் அவரை நிறுத்தாது. நிமலராஜன் சிங்கள ஏட்டுக்கு அனுப்பிய செய்திகளும் காமினி நவரத்ன யாழ்ப்பாணத்தில் நடத்திய ஏடும் தொடக்கிவைத்த பணி இன்னும் அரைகுறையாகவே கிடக்கிறது. கிளிநொச்சித் தாயின் சொல் சிங்களத்திலும், மாத்தறை மீனவரின் சொல் தமிழிலும் நாள்தோறும் பெயர்க்கப்பட வேண்டும். இருமொழியறிந்த ஆசிரியருக்கு இதனினும் உயர்ந்த வேலை எது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கோரலாம் என்கிறது. தரப்படுமா மறுக்கப்படுமா என்ற முடிவை அலுவலகம் 14 வேலை நாட்களுள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தம் ஊரின் காணி, பாடசாலை, வைத்தியசாலை பற்றி ஒரு வகுப்பு மாணவர் இச்சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுவார்களாயின், செயப்பாட்டு வினையில் மறைந்து நிற்கும் பெயர்களிற் சிலவேனும் வெளிவரும். அவ்விண்ணப்பத்தின் முதல் வரியில் மாணவர் ‘நாங்கள் கேட்கிறோம்’ என்று எழுதுவார்கள். அதற்குப் பெயருடனும் பதவியுடனும் ஒருவர் ஒப்பமிட்டு விடையளிக்க வேண்டியிருக்கும்.